பதினோராம் பிரிவு

நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்.
அடிப்பவன் ராயன்.
முழுப்பெயர் சேர்வராயன். அவன் ஊரில்
நாலு வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர்,
மலைக்கும் அதுதான், மலைமேல் சாமிக்கும் அதுதான்.

கன்னங்குறிச்சிச் சாலையில் எங்கள் கல்லூரி.
ஒரே ஆடுகளம், செம்மண்.
மழை பெய்தால் மறுநாள் பயிற்சி இல்லை.
வலையில் கிழிந்த இடங்களில்
கொசுவலைத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம்.
ஜனவரியில் அந்த வலைக்கு மேலேதான்
கோயம்புத்தூர்க்காரர்களை
மூன்றுக்கு ஒன்றில் அனுப்பி வைத்தோம்.
பிப்ரவரியில் திரும்பி வந்தார்கள்,
பந்தில்லாமல், ஒரு வெள்ளைக் காரில்.

மாதம் பதினெட்டாயிரம்.
தனி அறை, பால், பாதாம், முழங்காலை நீவிவிட ஓர் ஆள்.
நாகலூர் வரை ஏறிப் போய்
ராயனின் அப்பாவையும் பார்த்தார்கள்.
சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி
மிளகு பறித்துக்கொண்டிருந்தவரிடம்
நாள் கூலி எவ்வளவு என்று கேட்டார் ஒருவர்,
அன்பாகத்தான்.
அவர் இறங்காமலே சொன்னார்.

எங்கள் பி.டி. சார் அன்றிரவே போனை எடுத்தார்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை இரண்டாயிரம்,
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலை மூவாயிரம்,
அஸ்தம்பட்டித் தட்டுவடைக் கடை ஐந்நூறும்
தினம் ஒரு செட்டும்.
மொத்தம் ஐந்தாயிரத்து ஐந்நூறு.
தட்டுவடையை எந்தக் கலத்தில் எழுதுவது என்று
கொஞ்ச நேரம் யோசித்தார்.

இரண்டு தாளையும் ராயன் என்னிடம் தந்தான்.
நான் பி.காம்.
கம்பெனிச் சட்டத்தில் அறுபத்திரண்டு.
ஏற்காட்டுக்குக் கடைசி வண்டி.
கொண்டை ஊசி ஒவ்வொன்றாய்த் திரும்பத் திரும்ப
ஒவ்வொரு பிரிவாய்ப் படித்துக்கொண்டு வந்தேன்.
பதினோராம் வளைவில் பதினோராம் பிரிவு என்றால்
கதைக்கு நன்றாக இருக்கும்.
அது பதினான்கு தாண்டித்தான் வந்தது:
காயத்தால் இருபத்தொரு நாள் ஆட இயலாதவருக்கு
உதவித்தொகை நிறுத்தப்படும்.
அறையைக் காலி செய்ய வேண்டும்.

இரண்டு தரம் படித்தேன்.
இரண்டாம் தரம் காலி என்ற சொல்லில்
கொஞ்சம் நின்றேன்.
ராயன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டான்.

எங்கள் தாள், பரீட்சைத் தாளில் சார் கைப்பட எழுதியது,
மேலே ரெவின்யூ ஸ்டாம்ப்:
முழங்கால் போனாலும் டிகிரி முடிகிறவரை
ஃபீஸ் கிடையாது, சாப்பாடு உண்டு.
உண்டுக்கு மூன்று சுழி ண போட்டுவிட்டு
ஏனோ அடித்து, மறுபடி மூன்று சுழியே போட்டிருந்தார்.

'அவ்வளவுதானா?' என்றான்.
'அவ்வளவுதான்.'

பன்னிரண்டாம் பிரிவு தாளின் பின்பக்கம் இருந்தது.
இரண்டாண்டு ஆடியவரை
ரயில்வே தேர்வுக்குப் பரிந்துரைப்பார்களாம்.
வண்டியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
குளிர் உள்ளே வந்தது.
ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

அவன் இல்லையென்றால்
நான் யாருக்குத் தூக்கிக் கொடுப்பேன்?
என்னைத் தேடி
எந்தக் காரும் வரவில்லை.

அவன் இருந்துவிட்டான்.
பேப்பரில் இரண்டு பத்தி வந்தது,
பிரின்சிபால் சால்வை போர்த்தினார்.
முதல் மாதம் பணம் ஐந்தாம் தேதி வரவில்லை,
ஆறாம் தேதி வரவில்லை.
ஒன்பதாம் தேதி, பயிற்சி நடுவே,
புளியமரத்தடிப் பையில் போன் ஒரு சத்தம் போட்டது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்,
அவனைத் தவிர.

இப்போதெல்லாம் அவனுக்கு
ஒரு சாண் உயர்த்தியே போடுகிறேன்.
அந்த உயரத்தில் அவன் கை படுவது
பார்க்க நன்றாயிருக்கும்.

நேற்று, வாய்க்கால் பக்கம் ஓடிய பந்தை
எடுத்துக்கொண்டு வரும்போது
சும்மா கேட்பதுபோல் கேட்டான்:
'ரயில்வேல எத்தனை வயசு வரைக்கும்டா எடுப்பாங்க?'

தெரியாது என்றேன்.

பந்தைச் சட்டையில் துடைத்தான்.
நிறைய நேரம் துடைத்தான்.
சார் விசில் ஊதினார்.
வலைக்கடியில் குனிந்து
என் இடத்துக்குப் போனேன்.